குறுந்தடச் சரக்கு ரயில் பாதையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் 'ஷார்ட் லைன்' எனப்படும் சிறிய சரக்கு ரயில் நிறுவனங்கள் ஏறத்தாழ 600 உள்ளன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள்; பாதையைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. 1980-இல் ரயில் நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தபின், பெரிய நிறுவனங்கள் வருவாய் குறைந்த கிளைப்பாதைகளை விற்பதும் குத்தகைக்கு விடுவதும் எளிதாகியது. இன்றைய பெயர்களில் பல அதன் பிறகு வந்தவை; பாதைகளோ அவற்றைவிட மிகப் பழையவை.

முதலில் பொதுச் சாலையின் லெவல் கிராசிங் ஒன்றுக்குச் செல்லுங்கள். அங்குள்ள சிறிய நீலப் பலகையில் ஆறு இலக்கங்களும் ஓர் எழுத்தும் சேர்ந்த எண் இருக்கும். கூட்டாட்சி ரயில்வே நிர்வாகத்தின் கிராசிங் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால், ரயிலை இயக்குபவர் யார் என்பதோடு அந்த இடத்தின் மைல் அளவும் கிடைக்கும். இந்த மைல் அளவுதான் நல்ல தடயம். சிறிய பாதையில் பெரிய எண் இருந்தால், தொலைவிலுள்ள ஏதோ ஒரு நகரத்திலிருந்து எண்ணத் தொடங்கிய பழைய நிறுவனத்தின் கணக்கு இன்னும் தொடர்கிறது என்று ஊகிக்கலாம். 1980-இல் ராக் ஐலண்ட் நிறுவனம் ஓட்டத்தை நிறுத்தியபின், அதன் சிகாகோ–கவுன்சில் பிளஃப்ஸ் பாதையில் 1984-இல் அயோவா இன்டர்ஸ்டேட் என்ற ரயில் நிறுவனம் இயங்கத் தொடங்கியது. இந்தப் புதிய நிறுவனத்தின் கதையை 1984-இலிருந்து மட்டும் எழுதினால் பாதையின் பெரும்பகுதி வாழ்க்கை விடுபட்டுப்போகும்.

அடுத்து, ரயில் நிறுவனங்களின் சொத்துகளை மதிப்பிடுவதற்கான 1913-ஆம் ஆண்டின் மதிப்பீட்டுச் சட்டத்தின்படி தயாரான வரைபடங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். எந்த நிலத்துண்டு யாரிடமிருந்து எப்போது வாங்கப்பட்டது என்ற விவரம் அவற்றிலோ அவற்றோடு இணைந்த அட்டவணைகளிலோ இருக்கும். பக்கத் தடங்கள் எந்த ஆலைக்குச் சென்றன என்பதை அறிய, காங்கிரஸ் நூலகத்தின் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களுக்கு ஈடு இல்லை. 1996 முதல் நடந்த விற்பனை, குத்தகை, பாதை கைவிடல் ஆகியவற்றுக்குத் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எழுத்துகளும் பேசும்: எடை, எஃகை உருட்டித் தண்டவாளமாக்கிய ஆலை, ஆண்டு, மாதத்தைக் குறிக்கும் செங்குத்துக் கோடுகள். ஆனால் அது உருட்டிய ஆண்டே தவிர, பதித்த ஆண்டு அன்று. முதன்மைப் பாதையிலிருந்து கழற்றியதைக் கிளைப்பாதையில் மீண்டும் பதிப்பது வழக்கம். இயங்கும் தடத்தில் இறங்குவது அத்துமீறலும் ஆபத்துமாகும். நடைபாதையாக மாறிய பழைய தடங்களில் எஞ்சிய துண்டுகளிலேயே அந்த எழுத்துகளைப் படியுங்கள்.