உதவித்தொகை கேட்கும் முன் ஒரு தனிக்கணக்கு

குடும்ப வன்முறையிலிருந்து மீண்டு வருபவர்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன்பே தங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். கூட்டுக் கணக்கில் விழும் பணத்தை வன்முறை செய்தவரும் எடுத்துவிடலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: எந்த ஊர் ஏடிஎம்மில் பணம் எடுத்தீர்கள் என்பதுகூடக் கணக்கு விவரத்தில் தெரிந்துவிடும். ஆகவே முடிந்தால் வேறு வங்கியாகவே பாருங்கள். அவருக்குத் தெரியாத தொலைபேசி எண்ணையும் புதிய மின்னஞ்சலையும் கொடுங்கள். கடிதங்கள் பழைய முகவரிக்குப் போகக் கூடாது என்று வங்கியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெயரில் நீங்கள் அறியாத கடன் இருக்கிறதா என்பதையும் கடன் அறிக்கை (உங்கள் பெயரிலுள்ள கடன்களின் பதிவு) வாங்கிப் பார்த்துவிடுங்கள். இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

உதவித்தொகை தருபவர்கள் விண்ணப்பத்தோடு அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, புகார் நகல், நீதிமன்ற உத்தரவு போன்றவற்றைக் கேட்கலாம். கையில் எதுவும் இல்லாமல் வெளியேறியவர்களும் உண்டு. அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். காப்பகமோ சமூகப் பணியாளரோ தரும் கடிதத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். பொதுவாக ‘உதவி வேண்டும்’ என்பதைவிட வாடகை முன்பணம், குழந்தையின் பள்ளிச் செலவு, தொழிற்பயிற்சிக் கட்டணம் என்று தேவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.