பாறைப் பொந்தில் கொளுவிய முள்: நான் கண்ட வழி

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கருங்கல் பாறைகளில் தடி விட்டு மீன் பிடிக்க ஆசைப்பட்டேன். மூங்கில் தடி நுனியில் மூன்றடி தங்கூசி (நைலோன் நூல்) கட்டினேன். ஒரே காலையில் ஐந்து தூண்டில் முள் கல்லிடுக்கில் கொளுவி அறுந்துபோயின. அலை நூலை அள்ளிக்கொண்டுபோய் எங்கெங்கோ செருகியது.

பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை பார்த்துவிட்டு, "தம்பி, தங்கூசியைக் கழட்டும். கம்பியைக் கட்டும்" என்றார்.

அதுதான் மருந்து. பழைய உடுப்பு ஹாங்கர் கம்பியில் ஒரு சாண் வெட்டி, பாதியைத் தடியோடு சேர்த்து இறுகச் சுற்றினேன். மீதி நுனியை வளையமாக்கி, நான்கு விரற்கடை நீளத் தடித்த நூலில் முள்ளைக் கட்டினேன். இப்போது முள் நான் காட்டிய பொந்துக்குள்தான் போகிறது. கலிபோர்னியாவின் பாறைக் கரைகளிலும் விலாங்கு போன்ற மீன்களை இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

இரைக்குக் கணவாய்த் துண்டே நல்லது. இறால் சீக்கிரம் கழன்றுவிடும். மீன் கவ்வியதும் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். உள்ளே போய் உடம்பை இறுக்கிவிட்டால் வராது. அஞ்சாலை (பாம்புபோல் நீண்ட விலாங்கு வகை மீன்) வந்தால் கையால் தொடாதீர்கள், பல் பொல்லாதது.

கொழும்பில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. அதனால் வற்றைவிட அலையைத்தான் பார்க்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்றில், அந்தப் பாறைகளில் கால் வைப்பதே இல்லை.