சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வரலாற்றையும் இசையையும் ஒரே மாலையில் அறிமுகப்படுத்துவது எப்படி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் உள்ள வாசகர் வட்டம் ஒன்று, அமெரிக்கக் குடியேற்றக் காலத்து நகரம் ஒன்றை அதன் இசையோடு சேர்த்து அறிந்துகொள்ள விரும்பினால், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனைத் தேர்ந்தெடுக்கலாம். கடலையும் சரக்கையும் சுமைக்கூலியையும் அன்றாடம் அறிந்த வடசென்னை மக்களுக்கு அந்த நகரத்தின் கதையை விளக்குவது கடினமன்று. ஆனால் கூட்டத்தை இசையில் தொடங்காமல் நெல்லில் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டுங்கள். ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகள் கடலோடு கலக்கும் முனையில் நகரம் அமைந்திருப்பதைக் காட்டுங்கள். சென்னைக்கு அத்தகைய இயற்கைத் துறைமுகம் வாய்க்கவில்லை; இங்கே நெடுங்காலம் மசூலாப் படகுகளே அலையைக் கடந்து கப்பல்களுக்குச் சரக்கு கொண்டு சென்றன. ஆங்கிலேயர் 1670-இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறி, 1680-இல் இந்த முனைக்கு மாறினர் என்பதையும், 'சார்ல்ஸ் டவுன்' என்ற பெயர் 1783-இல்தான் சார்ல்ஸ்டன் ஆயிற்று என்பதையும் ஓரிரு நிமிடங்களில் சொல்லிவிட்டு, நெல்லுக்கும் அவுரிக்கும் வந்துவிடுங்கள். அவ்விரு பயிர்களையும் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1708 அளவிலேயே தென் கரோலினாவின் குடியேற்ற மக்களில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினராக இருந்தனர் என்ற செய்தியைக் கரும்பலகையில் எழுதி, கூட்டம் முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்து, அந்தப் பயிர்கள் ஈட்டித் தந்த பணத்தால் வளர்ந்த அரங்க இசைக்கு வாருங்கள். 1735-இல் இந்நகரில் ஓர் இசை நாடகம் மேடையேறியது. அமெரிக்கக் குடியேற்றங்களில் நடந்ததாகப் பதிவான முதல் ஓபரா அதுவே. டாக் ஸ்ட்ரீட் அரங்கம் 1736-இல் திறக்கப்பட்டது. புகழ்பெற்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் பாகெல்பெல்லின் மகன் சார்ல்ஸ் தியோடர் பாகெல்பெல் இங்கே செயின்ட் பிலிப்ஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, 1750-இல் இந்நகரிலேயே காலமானார். 1766-இல் செல்வந்தர்கள் சந்தா கட்டி செயின்ட் சிசிலியா சங்கத்தை நிறுவிக் கச்சேரிகள் நடத்தினர். இவற்றையெல்லாம் பட்டியலாக வாசித்துவிடாமல், இளைய பாகெல்பெல் இயற்றிய மாக்னிஃபிகாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். அது லூக்கா நற்செய்தியில் வரும் மரியாவின் பாடல் என்பதால், ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தினர் முதல் வரியிலேயே அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். இரு பாடற்குழுக்கள் மாறி மாறிப் பாடுவது தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே கைப்பேசியை நம்பாமல் இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பிறகு இசையை நிறுத்திவிட்டு, 1739 செப்டம்பர் 9-ஆம் நாளைப் பற்றிப் பேசுங்கள். அன்று ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ந்தெழுந்த அடிமைகள் கொடி பிடித்து, முரசு அறைந்து, விடுதலை முழக்கத்தோடு தெற்கு நோக்கி நடந்தனர். கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் உரத்து ஒலிக்கும் பிற கருவிகளும் வைத்திருப்பதைத் தடுத்தது. பறையும் சட்டியும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு இந்தத் தடையின் கொடுமையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கையும் காலும் குரலுமே தாளமாக இருந்த பாடல்கள் அம்மக்களிடையே தழைத்தன என்பதை மட்டும் சொல்லி, அவர்களின் வழித்தோன்றல்களாகக் கடலோரத் தீவுகளில் வாழும் 'கல்லா' (Gullah) என்னும் மக்களின் கைதட்டுப் பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்யுங்கள். அது இருபதாம் நூற்றாண்டுப் பதிவு என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுவது நேர்மை.

மாலையின் சிறந்த பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கரைவலை இழுத்த அனுபவமுள்ள பெரியவர்கள் இருவரையோ மூவரையோ முன்கூட்டியே நேரில் சென்று அழைத்து, உரிய சன்மானம் அளித்து, வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடுவர். வாங்கும் அந்த இடத்தில்தான் கயிறு இழுபடும். உண்மையான வடக்கயிறு ஒன்றைக் கூட்டத்தினர் கையில் கொடுத்து இழுக்கச் செய்தால், விளக்கவுரை தேவைப்படாது. உடனே, தென் கரோலினாத் தீவுகளின் துடுப்புப் பாடல்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவற்றைச் சேர்த்து 1867-இல் வெளியிட்ட தொகுப்பாளர்கள், துடுப்பின் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு தாளப் பகுதிகள் பாடப்பட்டன என்று குறித்திருக்கிறார்கள்: துடுப்பு நீரை இழுக்கத் தொடங்கும்போது முதல் அழுத்தம், படகின் விளிம்பில் துடுப்பு கடகடக்கும் ஓசையில் இரண்டாம் அழுத்தம். அந்தப் பாடல்களில் ஒன்றை இந்த இரட்டை அழுத்தத்தோடு கூட்டத்தினரைக் கைதட்ட வைத்துப் பழக்குங்கள். அம்பாவும் துடுப்புப் பாடலும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவை என்று யாரும் முடிவுகட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒத்த உழைப்பு ஒத்த அமைப்பைத் தந்திருக்கிறது என்பதே போதுமானது.

கலந்துரையாடலில், கப்பல்களிலிருந்து அடிமைகள் இறக்கப்பட்ட காட்ஸ்டன் துறைமேடையில் 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைக் குறிப்பிடலாம். அம்பா பாடியதை ஒலிப்பதிவு செய்வதானால், பாடியவர்களின் சம்மதத்தைப் பெற்று, அவர்கள் பெயரையும் ஊரையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர்கள் குரலில் சொல்லச் செய்யுங்கள். 1867 தொகுப்பில் பாடிய மிகப் பலரின் பெயர்கள் இடம்பெறவில்லை.