அளக்கும் முன் ஜேபெக்கை மறந்துவிடுங்கள்

சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜ், ஜூரோங் பக்கம் லேப்களில் மைக்ரோஸ்கோப் படங்களோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளுக்கு: படத்தை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பி, அதை வைத்து அளக்காதீர்கள். ஜேபெக் (JPEG) கோப்பாகச் சுருங்கும்போது பிக்சல் மதிப்புகளே மாறிவிடும். 16 பிட் படத்தில் 65,536 சாம்பல் நிலைகள் வரை இருக்கும். ஜேபெக்கில் 256தான் மிஞ்சும். மங்கலான செல்லுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே காணாமல் போகலாம்.

மூலக் கோப்பையே ஃபிஜியில் திறங்கள். படங்களை அளக்க உதவும் இமேஜ்ஜேயோடு (ImageJ), தேவையான பிளகின்களும் (கூடுதல் வசதிகள்) சேர்ந்து வரும் இலவச மென்பொருள் அது. அதிலுள்ள பயோஃபார்மட்ஸ் என்ற பிளகின் லைக்கா, நிக்கான் மைக்ரோஸ்கோப் கோப்புகளைப் படிப்பதோடு, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்பதையும் பெரும்பாலும் எடுத்துக்கொடுக்கும். எதற்கும் படச் சன்னலின் மேல் வரியைப் பாருங்கள். வெறும் பிக்சல் கணக்கு மட்டும் தெரிந்தால், ‘செட் ஸ்கேல்’ போய் அந்த மைக்ரான் அளவை நீங்களே கொடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், பிரைட்னஸ் ஸ்லைடர். 16 பிட் படத்தில் அதை நகர்த்தினால் திரையில் தெரிவதுதான் மாறும். ‘அப்ளை’ அழுத்தினாலோ பிக்சல் மதிப்புகளே மாறிவிடும். அளந்து முடிக்கும்வரை அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள். சூப்பர்வைசரிடம் காட்டப் பளிச்சென்று வேண்டுமா? ‘டூப்ளிகேட்’ போட்டு, நகலில் விளையாடுங்கள்.