3 + □ = 8: விடுபட்ட எண்ணைப் பிள்ளைக்குப் புரிய வைப்பது எப்படி?

தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையிடம் 3 + 5 எவ்வளவு என்று கேட்டால் 8 என்று உடனே சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 3 + □ = 8 என்று எழுதிக் கொடுத்தால், பெட்டிக்குள் 11 என்று எழுதி நீட்டுவதும் உண்டு. இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ள வேண்டாம். கூட்டல் குறியைக் கண்டால் கண்ணில் படும் எண்களையெல்லாம் கூட்டிவிட வேண்டும் என்றும், சமக்குறி என்பது 'விடையை எழுது' என்னும் கட்டளை என்றும் பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே, பென்சிலைக் கொடுப்பதற்கு முன் பொருளைக் கொடுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து கணிதம் பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் கற்பிக்கப்படுவதும் இதனால்தான்.

முதலில், காலியான முட்டைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கடைகளில் முட்டை பெரும்பாலும் பத்துப் பத்தாக விற்கப்படுவதால், வரிசைக்கு ஐந்து குழிகள் என இரண்டு வரிசை கொண்ட தட்டு எளிதில் கிடைக்கும். அதில் 6 கொண்டைக்கடலையை வைத்து, "ஆறுடன் எத்தனை சேர்த்தால் பத்து வரும்?" என்று கேளுங்கள். காலிக் குழிகளே விடையைக் காட்டிவிடும். 7, 5, 8 என்று மாற்றி மாற்றி வைத்தாலும் கேள்வியின் சொற்களை மட்டும் மாற்றாதீர்கள்.

அடுத்தது ஒளித்து வைக்கும் விளையாட்டு. நான்கைந்து நாள்கள் இதிலேயே தங்கினாலும் தவறில்லை. 8 கடலைகளைப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். பிறகு அது கண்ணை மூடியிருக்கும்போது மூன்றை மட்டும் வெளியே விட்டு, மற்றவற்றைக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடிவிட்டு, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். பதினொன்று என்று சொன்னால் திருத்த வேண்டாம், "மொத்தமே எட்டுத்தானே, உள்ளே மட்டும் பதினொன்று எப்படி இருக்கும்?" என்று கேட்டால் போதும். கிண்ணத்தைத் தூக்கிச் சரிபார்ப்பது பிள்ளையின் கையாகவே இருக்கட்டும்.

இது பிடிபட்டதும் படத்திற்கு வாருங்கள். பள்ளியில் 'நம்பர் பாண்ட்' என்று சொல்லும் படம்தான்: ஒரு வட்டத்தில் 8, அதிலிருந்து பிரியும் இரண்டு வட்டங்களில் ஒன்றில் 3, மற்றொன்று காலி.

இப்போது தாளில் 3 + □ = 8 என்று பெரிதாக எழுதி, அந்தப் பெட்டியின் மேல் அதே கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். பெட்டி என்பது கிண்ணம்தான் என்று பிள்ளைக்குப் புரியும் இடம் இதுவே. விரல் விட்டு எண்ணும்போது "மூன்று, நான்கு, ஐந்து..." என்று மூன்றுக்கும் ஒரு விரலை நீட்டி, 6 என்று விடை சொல்வது வழக்கமான பிழை. மூன்றை மனதில் வைக்கச் சொல்லி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு "மனதில் மூன்று" என்று சொல்ல வைத்து, "நான்கு" என்னும்போதுதான் முதல் விரலை நீட்டப் பழக்குங்கள். எட்டு வரும்போது கையில் ஐந்து விரல்கள் நிற்கும்.

கடைசியாக, □ + 5 = 9 என்றும் 8 = 6 + □ என்றும் பெட்டியையும் சமக்குறியையும் இடம் மாற்றிக் கொடுங்கள். இரண்டாவதைப் பார்த்து, "தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்" என்று பிள்ளை சொல்லக்கூடும். இரு பக்கமும் ஒரே அளவு என்பதைக் கடலையை வைத்து மறுபடியும் காட்டுங்கள். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடு' என்னும் குறுக்குவழியை இந்தக் கட்டத்தில் சொல்லித் தருவது எனக்கு உடன்பாடில்லை. மூடிய கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்து, கழித்தாலும் அதே விடை வருகிறது என்று பிள்ளையே ஒருநாள் சொல்லும், அதுவரை பொறுத்திருக்கலாம்.

பயிற்சித்தாள் இல்லாத நேரத்தில் மின்தூக்கி உதவும். வீடு 9ஆம் மாடியில் என்றால், எண் 4 தெரியும்போது "இன்னும் எத்தனை மாடி?" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் மின்தூக்கியே ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிடும்.