ஒரு கேம் எந்த வகையைச் சேர்ந்தது? நீங்களே கண்டறியும் முறை

2007இல் வந்த போர்ட்டல் விளையாட்டைத் திறந்தவுடன், இது சுடும் விளையாட்டுதான் என்று தோன்றும். கதாபாத்திரத்தின் கண் வழியே உலகைப் பார்க்கிறோம், கையில் துப்பாக்கி போல ஒரு கருவி இருக்கிறது. 1993இல் வெளியான டூமும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வந்தது. ஆனால் போர்ட்டலின் கருவியிலிருந்து குண்டு வராது. ஒரு சுவரில் நீலத் துளையையும் இன்னொரு சுவரில் ஆரஞ்சுத் துளையையும் திறந்துவிட்டு, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வருகிறோம். அறைக்கு அறை நின்று யோசிப்பதே அங்கே வேலை. அதனால் அது புதிர் விளையாட்டு.

முகத்தைப் பார்த்து வகை சொன்னால் இப்படித்தான் தவறிப்போகும். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வினைச்சொற்களை எழுதுங்கள்

அரை மணி நேரம் விளையாடுங்கள். பிறகு, நீங்கள் செய்ததை வினைச்சொற்களாக மட்டும் எழுதுங்கள்: ஓடினேன், குதித்தேன், ஒளிந்தேன், கட்டினேன். அடுத்து ஒவ்வொரு சொல்லாக அடித்துவிட்டு, அது இல்லாமல் விளையாட்டு நிற்குமா என்று பாருங்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸில் (1985) நாணயம் சேர்ப்பதை எடுத்துவிட்டாலும் ஆட்டம் நடக்கும். குதிப்பதை எடுத்துவிட்டால், முதல் கட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரே நடந்து வரும் முதல் எதிரியான கூம்பாவிடம் உயிர் போய்விடும். எதை அடித்தால் விளையாட்டு நின்றுபோகிறதோ, அந்தச் சொல்லைச் சுற்றி வட்டமிடுங்கள். ஓடுவதும் குதித்துத் தாண்டுவதும் வட்டத்துக்குள் வந்தால் அது பிளாட்ஃபார்மர்.

இரண்டாம் படி: முதல், கரு, உரி எனப் பிரியுங்கள்

சங்கப் பாடல்களின் திணையை அறிய நம்மிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள விலங்கு, பறவை, மரம், பூ போன்றவை கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலும் கருவும் இடம் மாறி வரலாம், பாட்டின் உயிர் உரிப்பொருளில்தான் இருக்கிறது. கேம்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

வார்கிராஃப்டில் (1994) ஓர்க்குகளும் மந்திரமும் உண்டு. ஸ்டார்கிராஃப்டில் (1998) விண்வெளியும் வேற்றுலக உயிர்களும் உண்டு. நிலமும் கருவும் முற்றிலும் வேறு. ஆனால் இரண்டிலும் வளம் சேர்க்கிறோம், கட்டடம் எழுப்புகிறோம், படை திரட்டி எதிரியின் தளத்தைத் தாக்குகிறோம், நாம் யோசிக்கும் நேரத்தில் எதிரியும் சும்மா இருப்பதில்லை. உரி ஒன்றே என்பதால் இரண்டுமே நிகழ்நேர வியூக விளையாட்டுகள்.

திகில் விளையாட்டுகள் மட்டும் இதற்கு விலக்கு என்று நினைக்கத் தோன்றும். பேய் வந்தால்தானே திகில்? 1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலைப் பாருங்கள். கிறிஸ், ஜில் என்ற இருவரில் ஒருவராக ஆடுகிறோம். கிறிஸால் ஆறு பொருள்களுக்கு மேல் சுமக்க முடியாது, ஜில்லால் எட்டு வரை முடியும். குண்டுகள் குறைவு. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறி அருகே போக வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், நாடாக்களும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். கதவுக்கு அப்பால் ஜாம்பி நிற்கிறது, இருக்கும் குண்டைச் செலவழிப்பதா, விலகி ஓடுவதா? சர்வைவல் ஹாரர் என்ற வகையின் உரி அந்தத் தயக்கம்தான். அதே ஜாம்பியைக் கூட்டமாக நிறுத்தி, குண்டை வாரி வழங்கினால் அது வேறு வகை.

மூன்றாம் படி: தோற்றால் என்ன நடக்கிறது?

வினைச்சொற்கள் மட்டும் போதாத இடங்கள் உண்டு. அதற்கு ரோக் (1980) நல்ல பாடம். நிலவறையில் திரியும் வீரன் @ என்ற ஒரு குறி. அரக்கர்கள் A முதல் Z வரையிலான எழுத்துகள். ஒரு மருந்துக்குப்பி கிடைக்கிறது, நிறம் மட்டும் தெரியும், குடித்தால்தான் குணம் தெரியும். செத்தால் எல்லாம் போய்விட்டது. அடுத்த ஆட்டத்தில் நிலவறை புதிது, போன முறை உயிர் காத்த நிறம் இந்த முறை கண்ணைக் குருடாக்கலாம். கையில் மிஞ்சுவது நீங்கள் கற்றது மட்டுமே.

இதன் வழிவந்தவை ரோக்லைக். எவை இதில் சேரும் என்ற வாதம் முற்றி, 2008இல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குநர்கள் ஒரு வரையறையே வகுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாறும் உலகம், மீளாத மரணம், முறை வைத்து ஆடுவது, கட்டங்களில் நகர்வது ஆகியவை முக்கியக் கூறுகள். எழுத்துகளால் ஆன திரையையும் ஒரு சிறு கூறாகச் சேர்த்தார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அது கருப்பொருள். ஆனால் சில கூறுகள் இல்லாததாலேயே ஒரு விளையாட்டு வெளியே போய்விடாது என்று அவர்களே சொன்னது மிகச் சரி.

நான்காம் படி: நடுவிலிருந்து எவ்வளவு தூரம்?

எனவே உள்ளே, வெளியே என்று கோடு கிழிக்காதீர்கள். தாளின் நடுவில் ரோக், அதன் நேர் வழிவந்த நெட்ஹேக் இரண்டையும் எழுதுங்கள். ஸ்பெலங்கியில் மீளாத மரணமும் மாறும் குகையும் உண்டு, ஆனால் முறை வைத்து ஆடுவதில்லை, குதித்து ஓடுகிறோம். சற்றுத் தள்ளி எழுதுங்கள். ரோக் லெகசியில் (2013) வீரன் செத்தால் வாரிசு வருகிறான், சேர்த்த பொன்னால் கோட்டையை வலுப்படுத்தலாம், அந்த வலு அடுத்த தலைமுறைக்கும் நீடிக்கும். மரணத்தின் பொருளே மாறிவிட்டதால் இன்னும் தள்ளிப் போகிறது. ரோக்லைட் என்ற தனிப்பெயர் நியாயமானதுதான்.

ஐந்தாம் படி: திணை மயக்கம்

ஒரு திணையில் இன்னொன்று கலந்து வருவதே திணை மயக்கம். சீட்டுகளால் சண்டையிடும் ஸ்லே தி ஸ்பையர் போன்ற கலப்பு விளையாட்டுகளுக்கும் இரண்டு பெயர் வைப்பதில் தவறில்லை. கணத்துக்குக் கணம் செய்வதைக் கடைசியில் வையுங்கள், ஆட்டத்தின் அமைப்பை முன்னால் வையுங்கள். சீட்டுகளைத் தேர்ந்து சேர்த்துத் தன் கட்டை உருவாக்கி ஆடுவது வேலை, செத்தால் புதிதாகத் தொடங்குவது அமைப்பு. ஆகவே அது ரோக்லைக் டெக் பில்டர்.

பயிற்சிக்கு மைன்கிராஃப்டை எடுங்கள். அதை கிரியேட்டிவ், சர்வைவல், ஹார்ட்கோர் என்ற மூன்று முறைகளில் ஆடிப் பாருங்கள். கிரியேட்டிவ் முறையில் பசியும் இல்லை, எதிரிகளின் தாக்குதலும் இல்லை. சர்வைவலில் செத்தால் கையிலிருந்த பொருள்கள் செத்த இடத்திலேயே சிதறும், நீங்கள் மீண்டும் எழுவீர்கள். ஹார்ட்கோரில் அந்த உலகில் உங்களுக்கு மறு உயிர் கிடையாது. தோண்டுவது, கட்டுவது என்ற வினைகள் மூன்றிலும் அவையேதான், மூன்றாம் படியின் விடை மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஆகவே இதற்கு மூன்று தாள்கள் வேண்டும்.