“இனி வராது” என்றால் நம்பாதீர்கள்

பெங்களூர் அல்சூரில் ஒரு கடைக்காரர் “இனி அச்சடிக்க மாட்டார்கள் சார்” என்றதை நம்பி, போகிமான் 151 என்ற சேகரிப்பு அட்டைத் தொகுப்பில் இரண்டு பெட்டி வாங்கினேன். மறுபதிப்பு வந்தது. பெட்டிகள் இன்னும் பீரோ மேல், பழைய குக்கருக்குப் பக்கத்தில்.

அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க, ஜப்பானில் வெளியாகும் தொகுப்புகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே வந்த அட்டைகள்தான் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து ஆங்கிலத்தில் வருகின்றன. அச்சு எண்ணிக்கை வேறு கதை. தொகுப்புவாரியாக நிறுவனம் கணக்குச் சொல்வதில்லை. நாலைந்து கடைகளின் விலையை வாராவாரம் நோட்டில் குறியுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே சமயத்தில் சரக்கு திரும்பி விலை இறங்கினால் மறுபதிப்பு என்று கொள்ளலாம். ஒரு கடையில் மட்டும் தீர்ந்தால், அந்தக் கடைக்காரர் குறைவாக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

மேஜிக் என்ற இன்னொரு அட்டை விளையாட்டின் அட்டைகளில் சிலவற்றை மீண்டும் அச்சிடுவதில்லை என்று 1996இல் அதன் நிறுவனமே வாக்குக் கொடுத்தது. போகிமானுக்கு அப்படி எதுவும் கிடையாது.